குறுக்கு வால்வு

உட்காருங்கள், ஜெனிட்டா சிஸ்டர். காபி ஆறுவதற்குள் எடுத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் அவரோடு தனியாக இருந்துவிட்டு வந்திருக்கிறீர்கள். பார்த்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றுவது முகத்திலேயே தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். இருபத்து நான்கு வருடம் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவள் நான். பாடம் முடிந்த பிறகுதான் கேள்வி. நான் சொல்ல வேண்டியதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், அதன் பிறகு நீங்கள் பேசுங்கள்.

இன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நான் கல்லூரிக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் நானாகவே வேலையை விட்டுவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். ஈட்டிய விடுப்பு, மருத்துவ விடுப்பு, சம்பளமில்லா விடுப்பு என்று எல்லா விடுப்பும் தீர்ந்துவிட்டது. அவருக்குப் பக்கவாதம் வந்து இரண்டரை வருடம் ஆயிற்று. ஆகவே உங்களை வேலைக்கு எடுப்பதா என்பதை நான் இப்போதே முடிவு செய்தாக வேண்டும். உங்களுக்கு முன்னால் மூன்று பேரை அனுப்பினார்கள். மூவரையும் திருப்பி அனுப்பிவிட்டேன். என்னைப் பிடிவாதக்காரி என்று உங்கள் ஏஜென்சியில் சொல்லியிருப்பார்கள். சொல்லட்டும்.

என் கணவர் பெயர் காந்திமதிநாதன். எண்ணெய் நிறுவனத்தில் வேலை. விமான நிலையத்தில் விமானங்களுக்கு எரிபொருள் நிரப்பும் பிரிவு. மதுரை, திருச்சி, கோழிக்கோடு, மறுபடி மதுரை என்று இருபத்தொன்பது வருடம் இறக்கைக்குக் கீழேயே நின்றவர். ஒரு நாள்கூட விமானி அறைக்குள் ஏறிப் பார்த்ததில்லை. ஒரு சொட்டுச் சிந்தினால் ஒரு பக்கம் அறிக்கை எழுதுகிற மனிதர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

பக்கவாதத்தில் வலது கையும் வலது காலும் போயிற்று. பேச்சும் போயிற்று. புரிந்துகொள்வதில் குறையில்லை, சொல்தான் வராது. "ஆமா" என்பார், "ச்சே" என்பார். அப்போதெல்லாம் வேறு எதுவும் கிடையாது. என் நாத்தனார் செண்பகவல்லியின் மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். மாமாவுக்குப் பொழுதுபோக வேண்டுமே என்று போன ஆகஸ்டில் கம்ப்யூட்டர் திரையில் விமானம் ஓட்டுகிற இந்த விளையாட்டை முழுதாக அமைத்துக் கொடுத்தான். விளையாட்டு என்று சொல்லக் கூடாது. நிஜ விமானத்தில் எந்தத் தொட்டியிலிருந்து எவ்வளவு எரிபொருள் போகுமோ, அதில் ஒரு கிலோகூட மாறாது. நீங்கள் இப்போது பார்த்தீர்களே, அவருக்கு இடப்பக்கம் ஐந்து சுவிட்சுள்ள பலகை, அது உண்மையில் விமானியின் தலைக்கு மேலே இருக்க வேண்டியது. இடது கை எட்டட்டும் என்று நான்தான் தாழ்வாகப் பொருத்தினேன்.

எரிபொருள் விஷயம் எளிமையானதுதான், பயப்படாதீர்கள். இடது இறக்கையில் ஒரு தொட்டி, வலது இறக்கையில் ஒரு தொட்டி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பம்ப். இடது தொட்டி இடது என்ஜினுக்கு, வலது தொட்டி வலது என்ஜினுக்கு. நடுவில் இரண்டையும் இணைக்கும் குழாயில் ஒரு வால்வு. அதைக் குறுக்கு வால்வு என்று வைத்துக்கொள்வோம். அது எப்போதும் மூடியிருக்கும். அதைத் திறந்து வலது பம்ப் இரண்டையும் அணைத்துவிட்டால், இரண்டு என்ஜின்களும் இடது தொட்டியிலிருந்தே குடிக்கும். இடது பக்கம் இறங்கும், வலது பக்கம் அப்படியே நிற்கும். வித்தியாசம் நானூற்று ஐம்பது கிலோவைத் தாண்டினால் மணி அடிக்கும். அந்த மணிதான், சிஸ்டர், நான்கு மாதம் என்னைக் கட்டிப்போட்டது.

ஆகஸ்டிலிருந்து ஜனவரி வரை ஒரு தொந்தரவும் இல்லை. காலையில் மதுரையிலிருந்து சென்னை, பிற்பகலில் சென்னையிலிருந்து மதுரை. விமானத்தை மேலே ஏற்றி விட்டால் போதும், பிறகு அது தானாகவே பறக்கும். நான் சமையலைப் பார்ப்பேன், துணியைப் பார்ப்பேன். ஜனவரி இருபதாம் தேதிதான் முதல் கோளாறு. தேதி எப்படி நினைவிருக்கிறது என்றால், அன்று காலைதான் கல்லூரி முதல்வரின் கடிதம் வந்தது, ஜூனில் கல்லூரி திறக்கும்போது வந்து சேர வேண்டும், இல்லையென்றால் இல்லை என்று. அவருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "ஆமா" என்றார். அன்று காலைப் பறப்பிலேயே மணி அடித்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் குறுக்கு வால்வு திறந்திருக்கிறது, வலது பம்ப் இரண்டும் அணைந்திருக்கின்றன. அவர் மடியில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார்.

ஒரு கோளாறு ஒரு முறை வந்தால் அது விபத்து. நூறு முறை வந்தால் அது விதி. நான் நோட்டுப் போட்டேன். பறப்பு எண், புறப்பட்ட நேரம், மணி அடித்த நேரம், அப்போது நான் எங்கே இருந்தேன் என்பதுவரை. மொத்தம் இருநூற்று நாற்பத்தாறு பறப்புகள். அதில் இருநூற்று முப்பத்தெட்டு முறை கோளாறு. கோளாறு வராத எட்டில் ஏழு முறை, நான் காய்ச்சலாலோ வேறு காரணத்தாலோ அவர் பக்கத்து நாற்காலியை விட்டு எழாமலே இருந்தேன். எழுந்து வெளியே வந்தால் பதினொன்றேகால் நிமிடத்தில் மணி. கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு என்ஜினும் சேர்ந்து நிமிடத்துக்கு நாற்பது கிலோ குடிக்கின்றன. நானூற்று ஐம்பதை நாற்பதால் வகுத்தால் பதினொன்றேகால். அப்படியென்றால் நான் நாற்காலியை விட்டு எழுகிற அந்த நொடியிலேயே வால்வு திறந்துவிடுகிறது.

நீங்களாக இருந்தால் என்ன முடிவுக்கு வருவீர்கள்? இல்லை, இப்போது சொல்ல வேண்டாம். நான் நாற்காலிதான் காரணம் என்ற முடிவுக்கு வந்தேன்.

நாற்காலிதானே மாறுகிறது? நான் எழும்போது அதன் கால் தரையில் உரசுகிறது, தரை அதிர்கிறது, அதிர்வில் கம்பி அசைகிறது. கால்களுக்கு ரப்பர் ஒட்டினேன். வயரைச் சுவரோடு சேர்த்து அடித்தேன். பிளாஸ்டிக் நாற்காலி, முக்காலி, வெறும் தரை என்று ஒவ்வொன்றாக மாற்றி உட்கார்ந்தேன். எழுந்தால் பதினொன்றேகால். மின்சாரத்தில் ஏற்ற இறக்கமோ என்று ஸ்டெபிலைசர் வைத்தேன். முழு மென்பொருளையும் அழித்துவிட்டு இரண்டு முறை புதிதாக ஏற்றினேன். பலகையைக் கழற்றி ஒவ்வொரு சுவிட்சையும் மீட்டர் வைத்துச் சோதித்தேன், எல்லாம் பழுதில்லை. பிறகு வேறு வழியில்லாமல், இதே விமானத்தை வீட்டில் ஓட்டுகிறவர்கள் கூடி எழுதுகிற இணையப் பக்கம் ஒன்று இருக்கிறது, அதில் என் அட்டவணை முழுவதையும் போட்டுக் கேட்டேன். உலகம் முழுவதிலிருந்தும் பதில் வந்தது. பின்லாந்துக்காரர் ஒருவர் ஒரே ஒரு வரி எழுதினார். "அம்மையீர், நீங்கள் எழுந்து போன பிறகு அந்த அறையில் யார் இருக்கிறார்கள்?"

எனக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது. பதில் எழுதவில்லை.

செண்பகமும் அதே மாதிரிதான். ஒரு நாள் நான் தரையில் படுத்துக்கொண்டு வயரைப் பார்க்கிறேன், வாசலில் நின்றுகொண்டு சிரிக்கிறாள். "ஏ மைனி, அண்ணன் ஒங்களக் கூப்பிடுதாக, அம்புட்டுதான். இதுக்குப் போயி ஸ்க்ரூ டிரைவரத் தூக்கிக்கிட்டு எலி புடிக்கிறவ மாதிரி தவழுதியளே" என்றாள். "கூப்பிடுவதற்கு ஒரு காலிங் பெல் வைத்திருக்கிறேன் செண்பகம், அதை அவர் ஒரு நாளும் அடித்ததில்லை" என்றேன். "காலிங் பெல்ல அடிச்சா என்ன வேணும்னு கேப்பிய. தண்ணியா, பாத்ரூமான்னு கேப்பிய. அவுகளுக்கு ஒண்ணும் வேண்டாம்னா என்னத்தச் சொல்லுவாக?" என்றாள். அவள் படித்தது வரலாறு. காரணம் என்றால் அவர்களுக்கு ஒரு கதை வேண்டும். எனக்குச் சான்று வேண்டும். அவள் ஒரு கேமரா வைத்துப் பாருங்கள் என்றும் சொன்னாள். கணவனைக் கேமரா வைத்துப் பார்க்கிற பெண் நான் இல்லை.

தவிர, அவரா? இருபத்தொன்பது வருடம் எரிபொருளைக் கையாண்டவர், பறக்கிற விமானத்தில் வேண்டுமென்றே தொட்டிகளைச் சமமில்லாமல் செய்வாரா? சொல்லப் போனால், அந்தக் கோளாறிலேயே ஒரு ஒழுங்கு இருந்தது. பதிவுக் கோப்பைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் முதலில் குறுக்கு வால்வு திறக்கிறது, நான்கு விநாடி கழித்து ஒரு பம்ப் அணைகிறது, பிறகு இன்னொன்று. அந்த வரிசை மாறினால் என்ஜின் ஒரு கணம் பட்டினி கிடக்கும். ஒரு முறைகூட மாறவில்லை. தப்பு செய்யும்போதும் முறைப்படி செய்கிற மென்பொருள். எழுதியவர்கள் கவனமானவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மணி அடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. நான் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பேன், அவர் இடது கையால் செய்துவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். ஆச்சரியம் என்னவென்றால், சொன்னார். "வலது பம்ப் ஒன்று?" என்பேன். "போட்டாச்சு" என்பார். "வலது பம்ப் இரண்டு?" "போட்டாச்சு." "இடது பம்ப்?" "அணைச்சாச்சு." "இடது அளவு?" அவர் எண்ணைப் பார்த்து, கொஞ்சம் தடுமாறி, "ஆயிரத்து… நானூறு" என்பார். அது முடிந்த பிறகு இரண்டு பக்கமும் சமமாக வேண்டும். அதற்கும் அதே பதினொன்றேகால் நிமிடம். அதுவரை நான் எழ முடியாது. எழுந்தால் வால்வை மூட மறந்துவிடுவார் என்று பயம். சும்மா உட்கார்ந்திருப்போம். ஒரு நாள் அப்படி உட்கார்ந்திருக்கும்போது "மழை" என்றார். திரையில் வானம் தெளிவாக இருக்கிறது, ஒரு மேகம் இல்லை. தப்பு என்றேன். பிறகுதான் ஜன்னலைப் பார்த்தேன், வெளியே நிஜமாகவே மழை. மொட்டை மாடியில் துணி. எழ முடியவில்லை. அத்தனையும் நனைந்தது. இன்னொரு நாள் வால்வு மூடியாயிற்றா என்று கேட்டதற்கு "வடிவு" என்றார். சங்கரவடிவு என் பெயர். பட்டியலில் அந்தப் பதில் கிடையாது. மறுபடி கேட்டேன். "மூடியாச்சு" என்றார். அதை எழுதிக்கொண்டேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண் ஏப்ரலில் எண்ணிப் பார்த்துவிட்டு, முப்பத்தொரு புதுச் சொற்கள் என்றாள். என்ன செய்தீர்கள் மேடம் என்று கேட்டாள். நான் ஒன்றும் செய்யவில்லை, எரிபொருள் கோளாறைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன். அது உண்மை.

பதினொன்றேகால் நிமிடத்தில் ஒரு பெண் என்னென்ன செய்ய முடியும் என்று நான் ஒரு புத்தகமே எழுதுவேன், சிஸ்டர். குக்கரில் மூன்று விசில் வரும். தலைக்கு ஊற்றாமல் குளிக்கலாம். தெருமுனைக் கடைக்குப் போய் வரலாம், கடையில் வேறு ஆள் இல்லாவிட்டால். ஆள் இருந்தால் பாதியில் திரும்பிவிடுவேன். அண்ணாச்சி, "டீச்சரம்மா, பஸ்ஸா வருது, இப்பிடி ஓடுதிய?" என்று கேட்பார். போனில் யாரோடாவது பேசினால் ஒன்பதாவது நிமிடத்திலேயே குரல் மாறிவிடும், எதிர்ப்பக்கம் கோபித்துக்கொள்வார்கள். பறப்பு இல்லாத நேரம் தூங்குவார். அந்த நேரத்திலும் என் காதில் அந்த மணி இருக்கும். சாப்பிடும்போது எழுந்து ஓடியிருக்கிறேன், அடிக்காத மணிக்கு.

எனக்குக் கல்லூரிக்குப் போக வேண்டும். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அறுபது பேர் உட்கார்ந்திருக்கிற ஓர் அறைக்குள் போய், கரும்பலகையில் ஒரு கேள்வியை எழுதிவிட்டுத் திரும்பினால், கடைசி வரிசையில் இருந்து யாராவது தப்பான பதில் சொல்வார்கள். அந்தத் தப்பான பதிலைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று தெரியுமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மே மாதம் லீலாவதி என்று ஒரு சிஸ்டர் வந்தார். நல்ல பெண், கை சுத்தம். ஒரு நாள் சோதனை வைத்தேன். அவருக்கு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவிட்டு, செண்பகத்தின் வீட்டுக்குப் போனேன், காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை. இரண்டரை வருடத்தில் முதல் முறையாக ஒரு முழு நாள் வெளியே. செண்பகம் சொதி வைத்தாள்; எனக்கு இறங்கவில்லை, கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து கேட்டால், காலைப் பறப்பில் மணியே அடிக்கவில்லையாம். லீலாவதி பத்து முறை எழுந்து போய் வந்திருக்கிறார், இருந்தும் அடிக்கவில்லை. பிற்பகல் பறப்பு ஓடிக்கொண்டிருந்தது. நான் அறைக்குள் எட்டிப் பார்த்து, "வந்துட்டேங்க" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனேன். பாலைக் காய்ச்சி இறக்குகிறேன், மணி அடிக்கிறது. பதினொன்றேகால்.

நான் என்ன நினைப்பேன்? இந்தப் பெண் காலையில் எதையோ மாற்றி வைத்திருக்கிறார், மாலையில் மறுபடி பழையபடி வைத்துவிட்டார், என்னிடம் மறைக்கிறார். நேராகவே கேட்டேன். அவர் அழுதுகொண்டே, "மேடம், சாருக்கு என்கிட்ட ஒண்ணும் வேண்டியிருக்கல மேடம்" என்றார். அது பதில் ஆகுமா? அனுப்பிவிட்டேன்.

ஆனால் அந்த நாள் எனக்கு ஒரு வழியைக் காட்டியது. நோயின் காரணம் தெரியாவிட்டாலும் அறிகுறியை நிறுத்தலாம் அல்லவா? அந்தப் பலகைக்கும் விமானத்துக்கும் உள்ள இணைப்பை மென்பொருளிலேயே எடுத்துவிட்டேன். ஐந்து சுவிட்சும் அங்கேயே இருக்கும், தட்டினால் தட்டுகிற சத்தமும் வரும், ஆனால் விமானத்துக்குத் தெரியாது. பம்ப்கள் எப்போதும் ஓடும், வால்வு எப்போதும் மூடியிருக்கும். அவரிடம் சொல்லவில்லை. எதற்கு வீணாகக் குழப்ப வேண்டும்?

இன்றோடு பத்தொன்பது நாள். ஒரு மணிகூட அடிக்கவில்லை. நோட்டைக் காட்டுகிறேன், பாருங்கள். கோளாறு இல்லை, கோளாறு இல்லை, கோளாறு இல்லை. நான்கு மாதப் போராட்டம், சிஸ்டர். முதல் நாள் அந்தப் பன்னிரண்டாவது நிமிடத்தில் நான் சமையலறையில் சும்மா நின்றேன். அடுப்பில் எதுவும் இல்லை. சும்மாதான் நின்றேன்.

அவர் கொஞ்சம் அமைதியாகிவிட்டார், அதை மறைக்க மாட்டேன். சாப்பாடு பாதியில் போதும் என்று தட்டைத் தள்ளுகிறார். பேச்சுப் பயிற்சிப் பெண் போன வாரம் வந்துவிட்டு, சொற்கள் திரும்பப் போகின்றன மேடம், வீட்டில் ஏதாவது மாறியதா என்றாள். வெயில்தான் கூடியிருக்கிறது என்றேன். இந்த வருடம் பாளையங்கோட்டையில் அப்படி ஒரு வெயில்.

ஆகையால் உங்கள் வேலை கடினமில்லை. காலையில் ஏற்றி உட்கார வைப்பது, மருந்து, சாப்பாடு, கழிவறை, பிற்பகலில் இறக்கிப் படுக்க வைப்பது. எரிபொருள் பற்றி நீங்கள் கவலைப்படவே வேண்டாம், அது தீர்ந்துவிட்டது. ஆனாலும் தெரியாமல் யாரையும் அறைக்குள் விடுவது என் வழக்கம் இல்லை, அதனால்தான் இவ்வளவும் சொன்னேன். நன்றாகக் கேட்டீர்கள். நடுவில் இரண்டு முறை வாயைத் திறந்தீர்கள், பரவாயில்லை.

இப்போது சொல்லுங்கள். அரை மணி நேரம் என்ன பார்த்தீர்கள்?

நான் வெளியே வந்து கதவை ஒருக்களித்ததுமா?

இடது கையால். எந்த சுவிட்ச்? பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, இடத்தைச் சொல்லுங்கள். நடுவில் இருப்பது. முதலில் நடுவில் இருப்பது. பிறகு கொஞ்சம் பொறுத்து, வலப்பக்கம் ஒன்று. பிறகு இன்னொன்று.

அது வேலை செய்யாது, சிஸ்டர். இப்போதுதானே சொன்னேன், இணைப்பை எடுத்துவிட்டேன் என்று.

பிறகு? கையை மடியில் வைத்துக்கொண்டு. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. பத்துப் பன்னிரண்டு நிமிடம். பிறகு எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து.

எத்தனை முறை?

எண்ணவில்லையா? எண்ணியிருக்க வேண்டும், சிஸ்டர். அரை மணியில் இரண்டு என்று வைத்தால், ஒரு பறப்புக்கு நான்கு, நாளைக்கு எட்டு. பத்தொன்பது நாளுக்கு…

கதவுப் பக்கம் பார்த்தாரா? வேண்டாம், அதற்குப் பதில் சொல்ல வேண்டாம்.

நீங்கள் எழ வேண்டாம், உட்காருங்கள். நான் தண்ணீர் குடிக்கத்தான் எழுந்தேன். உள்ளே போகவில்லை. இப்போது உள்ளே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் திங்கட்கிழமை நான் போக மாட்டேன். என்னை எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை போகலாம் என்பேன். செவ்வாய்க்கிழமை அங்கே எனக்கு நாற்காலி இருக்காது.

ஒரு உதவி செய்யுங்கள், சிஸ்டர். அந்தக் கதவை முழுதாகச் சாத்திவிட்டு வாருங்கள். மெதுவாக, சத்தம் கேட்காமல். சாத்திவிட்டு வந்து உட்காருங்கள்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கெல்லாம் நீங்கள் வந்துவிட வேண்டும்.